டச்பே கடற்கரையும் உட்துறைமுகக் கரையும்: சக்கர நாற்காலியோடு சென்று எழுதும் மதிப்பீடு

கடந்த பங்குனி தொடங்கி ஆவணி வரை, ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, என் தாயாரைச் சக்கர நாற்காலியில் இருத்தித் திருகோணமலை டச்பே கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அவருக்கு வயது 74. பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்து போவதற்கு முன்னர், வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்பாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே கடற்கரைக்கு நடந்து வந்து, மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். போர்க்காலத்து இடைவெளிகளைத் தவிர்த்தால் இளவயதிலிருந்தே அவருக்கு இருந்த பழக்கம் அது. அதே இடத்துக்கு அவரை மீண்டும் கொண்டுபோய்ச் சேர்க்க முயன்றபோதுதான், எல்லோருக்கும் திறந்து கிடப்பதாக நான் நம்பியிருந்த கரை யாரை எந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பது எனக்குத் தெரிய வந்தது. அந்த ஆறு மாத அனுபவத்தில் இருந்தே இதை எழுதுகிறேன்.

டச்பே கிழக்கு நோக்கிய கரை. பிற்பகல் நான்கரை மணிக்கெல்லாம் வெயில் ஊருக்குப் பின்னால் சரிந்துவிடுவதால், கட்டடங்களின் நிழலும் மரங்களின் நிழலும் மணல்மேல் நீண்டு விழுகின்றன. மேற்கு நோக்கிய கரைகளில் மாலை வெயில் முகத்தில் அடிப்பது போல இங்கே அடிப்பதில்லை. முதியவர்களும் கைக்குழந்தைக்காரரும் நேரத்தோடு வந்து அமர்வதற்கு இதைவிட வாய்ப்பான கரை கிடைப்பது அரிது. வடக்குப் பக்கம் திரும்பினால் பிரெட்றிக் கோட்டையின் கல்மதில். அதற்கும் அப்பால் கோணேசர் கோயில் கொண்டிருக்கும் சுவாமிமலை. நுழைவுச்சீட்டு இல்லை, அடையாள அட்டை கேட்பவர் இல்லை. கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பமும் கந்தளாயிலிருந்து வந்த சிங்களக் குடும்பமும் திருக்கடலூரில் இருந்து நடந்து வந்த தமிழ்க் குடும்பமும் பத்தடி இடைவெளியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் காணலாம். கையில் ஒரு சதமும் இல்லாதவர் இரண்டு மணிநேரம் இருந்துவிட்டு எழும்பிப் போகலாம். எதையாவது வாங்கும்படி யாரும் அவரை நெருக்குவதில்லை. இந்த நகரத்தில் மூன்று சமூகத்தவரும் எந்த அலுவலும் இல்லாமல், வெறுமனே இருப்பதற்காக ஒன்றுசேரும் இடங்கள் மிகக் குறைவு. அந்தக் காரணத்துக்காகவே இந்தக் கரைக்கு நான் முதலிடம் தருவேன். கீழே சொல்லப்போகும் குறைகள் எல்லாம் இந்த நிறைவை இன்னும் பலருக்கு எட்டச் செய்ய வேண்டும் என்ற ஆசையில் சொல்பவை.

முதல் தடை மணல் அல்ல, அதற்கு முன்பாகவே வருகிறது. முச்சக்கர வண்டி எங்களை இறக்கிவிடும் இடத்தில் வீதிக்கும் நடைபாதை விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளவுநாடா கொண்டு அளந்தேன்: 16 சென்ரிமீற்றர். நடக்கிற ஒருவர் அந்த உயரத்தைக் கவனிப்பதே இல்லை. சக்கர நாற்காலியின் முன்சில்லோ அதில் முட்டி நிற்கிறது. நாற்காலியைப் பின்புறம் சாய்த்து, முன்சில்லுகளை மேலே ஏற்றி, பிறகு முழுப் பாரத்தையும் தம் பிடித்துத் தூக்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் தாயார் இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடிக்கும் பிடியில் இருந்து அவருடைய பயம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஓடி வந்து கைகொடுக்கிறார்கள், அதை நன்றியோடு பதிவு செய்கிறேன். ஆனாலும் வெளியே போவதென்றால் இன்னொருவரின் கை தேவைப்படும் என்ற நினைப்பே அவரைப் பல மாலைகளில் வீட்டோடு இருக்கச் செய்திருக்கிறது. தனியாக நாற்காலியை உருட்டிச் செல்லும் இளைஞர் ஒருவரின் நிலை இதைவிடக் கடினமானது.

இதைச் சரிசெய்வதற்குப் பெரிய பொறியியல் வேண்டியதில்லை. உயரம் ஒரு பங்கு என்றால் சரிவின் நீளம் 12 பங்கு என்பது உலகெங்கும் கட்டடக்காரர்கள் அறிந்த கணக்கு. 16 சென்ரிமீற்றருக்கு 192 சென்ரிமீற்றர், அதாவது ஒரு கட்டிலின் நீளம், போதும். சில மூடை சீமெந்தும் ஒரு நாள் வேலையும் சேர்ந்த காரியம். ஆனால் அந்த நீளத்தைக் குறைத்துவிட்டால் சரிவுப்பாதை பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். நகரில் வேறோர் இடத்தில், அரை மீற்றர் நீளத்தில் செங்குத்தாகக் கட்டிவைத்திருக்கும் ‘சரிவுப்பாதை’ ஒன்றில் நாற்காலி பின்னோக்கிச் சரிந்து, தாயார் விழப் பார்த்தார். கட்டியவர் அளவைக் கேட்டிருக்கவில்லை, அல்லது நாற்காலியில் இருப்பவர் ஒருவரிடமாவது கேட்டிருக்கவில்லை.

சட்டம் இல்லாததால் வந்த குறையன்று இது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் கட்டடத்துக்கோ இடத்துக்கோ செல்வதில் உடல் வலுவின்மையைக் காரணம் காட்டி எவருக்கும் தடை விதிக்கலாகாது என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் எப்படி அமைய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி 1467/15 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளிவந்தன; ஏற்கெனவே இருந்த இடங்களைத் திருத்த மூன்று ஆண்டுகள் தவணையும் கொடுக்கப்பட்டது. 2011 ஏப்ரல் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இவ்விதிகளைப் பின்பற்றியாக வேண்டும் என்று கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தலிலோ கேட்டலிலோ நடத்தலிலோ வேறு செயல்களிலோ இடர்ப்பாடு உடையவர்களாகப் பதிவானார்கள். அதே கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதம். போர் நடந்த மாகாணம் ஒன்றில், காலை இழந்தவர் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதை இங்கே வசிப்பவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நடைபாதையில் ஏறிய பிறகு மணல் வருகிறது. சக்கர நாற்காலியின் ஒடுங்கிய சில்லு உலர்மணலில் இரண்டடி கூட உருளாது, புதைந்து நின்றுவிடும். முதல் தடவை இதை அறியாமல் தள்ளிக்கொண்டு போய், நடுவில் சிக்கி, மூவராகத் தூக்கி மீட்டோம். அதற்குப் பிறகு தாயார் நடைபாதை விளிம்பைத் தாண்ட மறுத்துவிட்டார். “நீங்கள் போய்க் காலை நனைச்சிட்டு வாங்கோ, நான் இதிலேயே இருந்து பார்க்கிறன்” என்பார். அலையின் சத்தம் கேட்கும் தூரத்தில், அலை எட்டாத இடத்தில் அவர் இருப்பார். பேரப்பிள்ளைகள் கை நிறையக் கடல்நீரை ஏந்திக்கொண்டு ஓடி வருவார்கள், வந்து சேர்வதற்குள் பாதி சிந்திவிடும், மீதியை அவருடைய பாதத்தில் ஊற்றுவார்கள்.

சென்னை மெரினாக் கரையில் இதற்கொரு விடை கண்டார்கள். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகளாகக் கேட்டதன் பேரில், 2022 நவம்பர் இறுதியில், மணல்மேல் 263 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமுமான நிரந்தர மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. நாற்காலியில் இருந்தவர்கள் அலையருகே போய் நின்ற படங்களைப் பார்த்துத் தாயார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். ஆனால் திறந்து இரண்டு கிழமை ஆவதற்குள் மாண்டஸ் புயல் வந்து கடற்பக்கத்து முனையைப் பெயர்த்துவிட்டது, பிறகு சீர்செய்தார்கள். அந்தப் பாடம் நமக்கு இரண்டு மடங்கு பொருந்தும். நம்முடைய கரையும் வடகீழ்ப் பருவக்காற்றை நேர் முகமாக வாங்கும் கரை. 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய இரவை இன்னும் யாரும் மறக்கவில்லை. கார்த்திகையில் கடல் பெருகினால் மணற்பரப்பே ஒடுங்கிவிடுகிறது. ஆதலால் இங்கே நிலையாகக் கட்டும் பாதையைவிட, கட்டுக் கட்டாகக் கழற்றி எடுக்கக்கூடிய மரத்தட்டுகளோ சுருட்டி வைக்கக்கூடிய தடித்த விரிப்போ பொருத்தமாக இருக்கும்: தை மாசிக்குப் பின் விரித்து, ஐப்பசியில் எடுத்து வைக்கலாம். விரிப்பதும் எடுப்பதும் ஒருவருடைய கடமையாக, சம்பளத்தோடு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாவிட்டால் விரிப்பு களஞ்சிய அறையிலேயே கிடந்து மக்கிப்போகும்.

வாங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரையோரத்தில் இருக்கும் சீமெந்து வாங்குகள் எனக்குப் பிடித்தமானவை. சாய்வும் நிழலும் உள்ளவை எப்போதும் நிரம்பியே இருக்கின்றன. இருந்தும் பெரும்பாலானவற்றுக்குக் கைப்பிடி இல்லை. முழங்கால் தேய்ந்தவர் ஒருவர் உட்காருவது எளிது, எழும்புவதுதான் பாடு. கைப்பிடி இருந்தால் அதை ஊன்றித் தானாக எழும்பிவிடுவார். பக்கத்து வாங்கில் அடிக்கடி சந்திக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எழும்புவதற்காகத் தன் குடையை மணலில் ஊன்றுவார். குடை புதையும், மறுபடி உட்காருவார், மறுபடி ஊன்றுவார். இன்னொன்று, வாங்கின் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கும் அளவுக்குச் சமதளம், 90 சென்ரிமீற்றர் அகலமாவது, விடப்பட வேண்டும். இப்போது தாயாரை வாங்குக்கு முன்னால் நிறுத்தினால் பாதை மறிக்கப்படுகிறது, பின்னால் நிறுத்தினால் அவர் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. ஒரு குடும்பம் ஒரே வரிசையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்கு மூன்றடிச் சீமெந்து போதும்.

மலசலகூடம் இந்த மதிப்பீட்டில் மிகக் கவலை தருவது. நாங்கள் சென்ற நாட்களில், கரையோரப் பகுதியில் எங்களுக்குக் காட்டப்பட்ட கூடம் இரண்டு தடவை பூட்டியிருந்தது; திறந்திருந்த நாளில் நாற்காலி நுழையும் அகலம் கதவுக்கு இருக்கவில்லை. பராமரிப்பவர் யார் என்று எழுதி யாரையும் குற்றம் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் இதன் விளைவு என்னவென்பதைத் திறந்து சொல்லத்தான் வேண்டும்: கடற்கரைக்குப் போகும் நாளில் தாயார் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. வெப்பம் கொதிக்கும் வைகாசி மாதத்தில், நீரிழிவும் உள்ள ஒருவர், இரண்டு மணிநேரக் கடற்காற்றுக்காகத் தாகத்தை அடக்கிக்கொள்கிறார். கர்ப்பிணிகளும், மாதவிலக்கு நாட்களில் வரும் பெண்பிள்ளைகளும், சிறுபிள்ளைகளைக் கூட்டி வருகிற தாய்மாரும் இதே கணக்கைப் போட்டுத்தான் புறப்படுகிறார்கள். ஒரு பொது இடத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது மலசலகூடமே.

இருட்டிய பின் நிலைமை மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் எட்டு மணி வரையிலும் குடும்பங்கள் இருக்கின்றன. வார நாட்களில், மின்விளக்கு எரியாத பகுதிகளில் ஏழு மணிக்கெல்லாம் பெண்கள் ஒருவர்கூட இருப்பதில்லை. 1970களில் நியூயோர்க்கின் சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட், ஓர் இடத்தில் பெண்களின் தொகை வழமையைவிடக் குறைந்திருந்தால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம் எனக் கண்டார். நான் எண்ணிப் பார்த்த ஒரு புதன்கிழமை, ஏழேகால் மணிக்கு, விளக்குள்ள பகுதியில் 22 பேரில் 10 பேர் பெண்கள். விளக்கில்லாத பகுதியில் இருந்த ஒன்பது பேரும் ஆண்கள். கச்சான் வண்டியும் இறால் வடை வண்டியும் நிற்கும் இடங்களில் பெண்கள் நெடுநேரம் இருக்கிறார்கள் என்பதையும் அன்று கண்டேன். வண்டியின் விளக்கும் விற்பவரின் கண்ணும் அங்கே காவலாகின்றன. கரையை அழகுபடுத்துவதற்காகச் சிறு வியாபாரிகளை அகற்ற வேண்டும் என்று கருதுகிறவர்கள் இதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

உட்துறைமுக வீதிக் கரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. கிழக்கே ஒரு கடலும் மேற்கே ஒரு துறைமுகமும் இருக்க, இரண்டுக்கும் நடுவில் நடந்தே கடக்கக்கூடிய ஒடுங்கிய நிலத்தில் நகரம் அமைந்திருப்பதால், டச்பேயில் நிலவு எழுவதையும் உட்துறைமுகத்தில் வெயில் இறங்குவதையும் ஒரே மாலையில் பார்க்கும் பேறு நமக்கு உண்டு. இங்கே நீரருகே செல்ல மணல் கடக்கத் தேவையில்லை. தரை பெரும்பாலும் சமமாக இருப்பதால் நாற்காலி தடையின்றி உருள்கிறது, தண்ணீரும் அமைதியானது. நாற்காலியோடு முதன்முதலில் வெளியே வருபவர்களுக்கு இந்தக் கரையையே பரிந்துரைப்பேன். மாலை வெயில் முகத்துக்கு நேரே வரும் என்பதால் ஐந்தரை மணிக்குப் பிறகு போவது நல்லது.

கோட்டைக்கும் ஒரு நாள் போனோம். போர்த்துக்கேயர் 1624இல் கட்டத் தொடங்கி, 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய கோட்டை அது. அதன் வாயிலில், கோணேசர் கோயில் திருப்பணியோடு மரபு சேர்த்துச் சொல்லும் குளக்கோட்டன் என்ற மன்னனைப் பற்றிய கல்வெட்டும் இரட்டைக் கயல் சின்னமும் இருப்பதைத் தாயார் எனக்குச் சிறுவயதில் காட்டியிருந்தார், அன்று நான் அவருக்குக் காட்டினேன். கோயிலை நோக்கிய ஏற்றத்தில் நாற்காலியைத் தள்ளுவதற்கு இருவர் வேண்டும். இடையில் மூச்சு வாங்கி நிற்கச் சமதளமான இடங்களும் வேண்டும். இவ்வகையான இடங்களில், தொல்பொருளுக்குக் கைவைக்கக் கூடாது, ஆகவே எதையும் செய்ய இயலாது என்று ஒரு பேச்சு எழுவதுண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பாதுகாக்கும் கல்லை உடைக்கும்படி யாரும் கேட்கவில்லை. கல்லில் ஆணி அறையாமல், படிக்கு மேலே சும்மா வைத்து, வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய மரச்சரிவுகள் போதும். பழைய கல் அதன் கீழே காயமில்லாமல் இருக்கும். பேணுவதையும் அணுகுவதையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவதால் இரண்டுமே கெடுகின்றன. பார்க்க முடியாதவர்களுக்கு அந்தக் கோட்டை எதற்காகக் காக்கப்படுகிறது?

மான்களைச் சொல்லாமல் விட முடியாது. கோட்டையிலும் கரையோரத்திலும் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்கள் இந்த இடத்தின் குடிகள். பொது இடம் என்ற சொல்லில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஒரு மாலை, எங்கள் வாங்குக்கு நாலடி தள்ளி, பெண்மான் ஒன்று உணவு சுற்றிய பொலித்தீன் தாளை மென்றுகொண்டு நின்றது. ஒரு முனை வாய்க்குள், மறுமுனை தாடைக்குக் கீழே காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. எழும்பிப் போனால் ஓடிவிடும், விழுங்கிவிடும். தாயார் தன் மடியில் இருந்த வாழைப்பழத் தோலை இடக்கையால் மெதுவாக நீட்டினார். மான் தாளை உதிர்த்துவிட்டுத் தோலுக்கு வந்தது. வண்டிக்காரர் பலர் இப்போது பழைய தாளில் சுற்றித்தான் கொடுக்கிறார்கள். மூடியுள்ள குப்பைத் தொட்டிகள், மானின் வாய் நுழையாதவையாக, இன்னும் பல வைக்கப்பட வேண்டும்.

கரையை மேம்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. அப்படியொரு நாள் வந்தால், பளபளப்பான தரை ஓடுகளைப் பதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்; மழையும் உப்புக்காற்றும் பட்டால் அதில் ஊன்றுகோலும் வழுக்கும், செருப்பும் வழுக்கும். சொரசொரப்பான கொங்கிறீற்றுத் தரையே இந்தக் கரைக்கு ஏற்றது. இருக்கிற மரம் ஒன்றையும் வெட்டாமல், மரத்தைச் சுற்றிப் பாதை வளைய வேண்டும். கரைவலைத் தோணிகளும் படகுகளும் ஏற்றி வைக்கும் இடம் மீனவர்களிடமே இருக்க வேண்டும். அவர்கள் நமக்கு முந்தியவர்கள். வரைபடம் கீறுவதற்கு முன்பு, நாற்காலியில் இருப்பவர், பார்வையற்றவர், கைக்குழந்தைக்காரி, பள்ளிப்பிள்ளை, படகுக்காரர் ஆகியோரோடு ஒரு மாலை அந்தக் கரையை நடந்து பார்க்க வேண்டும், அலுவலகத்தில் கூட்டி வைத்துத் தேநீர் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் போதாது.

ஆடி மாதத்தில், அயலில் உள்ள தச்சுவேலைக்காரர் ஒருவரைக் கொண்டு பலகை ஒன்று செய்தோம். நான்கடி நீளம், இரண்டரை அடி அகலம், நடுவில் மடியும்படி பிணைச்சல், வழுக்காமல் இருக்க மேலே பழைய ரயர் இறப்பர் அறைந்தது. கணக்குப்படி இருக்க வேண்டிய நீளத்தை விடக் குறைவுதான், பின்னால் இருந்து நன்றாகத் தள்ளத்தான் வேண்டும். ஆயினும் தூக்க வேண்டியதில்லை. முச்சக்கர வண்டியில் கொண்டு திரிவது சிரமமாக இருந்ததால், கச்சான் விற்கும் ஐயா தன் வண்டிக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். கடந்த ஞாயிறு நாங்கள் போனபோது அது வண்டிக்குக் கீழே இல்லை. இரட்டைப் பிள்ளைகளின் தள்ளுவண்டியோடு வந்த ஒரு பெண்ணுக்காக அதை அவரே எடுத்துப் போட்டிருந்தார். நாங்கள் அவர்களுக்குப் பின்னால் ஏறினோம். தாயார் என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.